எரிந்த கருவூலமும் எஞ்சிய தாள்களும்

(சமூக அறிவியல், மொழிப்பாட ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அயர்லாந்து என்றதும் நமக்கு நினைவுக்கு வருபவை உருளைக்கிழங்குப் பஞ்சம், அன்னி பெசன்ட் அம்மையார் தம் தன்னாட்சி இயக்கத்துக்கு அங்கிருந்து பெயரை எடுத்துக்கொண்டது, இவ்வளவுதான். இன்று நான் பேசப்போவது அந்த நாட்டு வரலாற்றுத் தாள்களின் கதை. எந்தத் தாள் அழிந்தது, எந்தத் தாள் தப்பியது, தப்பிய தாளை ஒரு வகுப்பறையில் வைத்துக்கொண்டு என்ன செய்யலாம் என்பதே நம் பேச்சு.

1922 ஜூன் 30. டப்ளின் நகரில் லிஃபி ஆற்றங்கரையில் ஃபோர் கோர்ட்ஸ் என்ற நீதிமன்ற வளாகம். பிரிட்டனோடு செய்துகொண்ட உடன்படிக்கையை ஏற்பதா, மறுப்பதா என்று நேற்றுவரை தோளோடு தோள் நின்றவர்கள் இரண்டாகப் பிரிந்துவிட்டார்கள். மறுத்தவர்கள் ஏப்ரலிலேயே அந்த வளாகத்தைக் கைப்பற்றி உள்ளே இருந்தார்கள். ஜூன் 28 அன்று தற்காலிக அரசின் பீரங்கிகள் சுடத் தொடங்கின. மூன்றாம் நாள் பெரும் வெடிப்பு. அந்த வளாகத்துக்குள்தான் அயர்லாந்தின் பொது ஆவணக் காப்பகம் இருந்தது. ஏறத்தாழ ஏழு நூற்றாண்டுத் தாள்களும் தோல் சுருள்களும் வைத்திருந்த அதன் கருவூலம் எரிந்துபோனது. கருகிய காகிதத் துண்டுகள் ஊரின்மேல் பறந்து, பல மைல் தள்ளி வீட்டு முற்றங்களில் விழுந்தன. குற்றம் யாருடையது என்று இரு தரப்பும் ஒருவரை ஒருவர் கைகாட்டினார்கள். அந்த வாதம் இன்னும் ஓயவில்லை.

உயில்கள், நீதிமன்றப் பதிவுகள், அயர்லாந்து திருச்சபையின் ஞானஸ்நானப் பதிவேடுகளில் பாதிக்குமேல், பழைய ஐரிஷ் நாடாளுமன்றத்தின் ஏடுகள் என்று எரிந்தவற்றின் பட்டியல் நீளும். அதில் ஒன்றை மட்டும் சற்று நின்று பார்ப்போம்: 1821, 1831, 1841, 1851 ஆகிய ஆண்டுகளின் மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் படிவங்கள்.

1841இல் அயர்லாந்தின் மக்கள்தொகை 81 லட்சத்து 75 ஆயிரம். 1851இல் அது 65 லட்சத்து 52 ஆயிரம். இடையில் வந்தது பெரும்பஞ்சம். ஏறத்தாழ பத்து லட்சம் பேர் பசியாலும் நோயாலும் இறந்தார்கள். இன்னொரு பத்து லட்சம் பேர் கப்பலேறினார்கள். இந்த மொத்த எண்கள் அச்சிட்ட அறிக்கைகளில் இருப்பதால் நமக்குத் தெரிகின்றன. ஆனால் 1851ஆம் ஆண்டுப் படிவத்தில் ஒரு தனி அட்டவணை இருந்தது. 1841க்குப் பிறகு இந்த வீட்டில் இறந்தவர் யார் யார், என்ன வயது, எதனால் இறந்தார் என்று வீடு வீடாகக் கேட்டு அதில் எழுதியிருந்தார்கள். பஞ்சத்தில் மாண்டவர்களின் பெயர்ப் பட்டியலாக அதுவே அமைந்திருக்கும். கேவன் மாவட்டத்தில் கில்லஷாண்ட்ரா என்ற ஒரு பங்கின் 1841ஆம் ஆண்டுத் தாள்கள், ஆன்ட்ரிம் மாவட்டத்தில் சில பகுதிகளின் 1851ஆம் ஆண்டுத் தாள்கள் என்று அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் தப்பின. மற்றவை சாம்பல்.

இதைக் கேட்டு எல்லாப் பழியையும் போர்மேல் போட்டுவிட வேண்டாம். 1861, 1871ஆம் ஆண்டுப் படிவங்களை, புள்ளிவிவரம் எடுத்தாயிற்று, இனி எதற்கு என்று அரசே அழித்துவிட்டது. 1881, 1891ஆம் ஆண்டுப் படிவங்கள் முதல் உலகப்போர்க் காலத்தில் காகிதக் கூழாகப் போய்விட்டன. ஒரு குண்டும் வெடிக்காமல் நான்கு கணக்கெடுப்புகள் போயின. பள்ளி அலுவலக அறையில் பழைய பதிவேடுகளைக் கழிக்கக் கோப்பு எழுதும் நம்மில் சிலருக்கு இது உறைக்கக்கூடும்.

சரி, எது தப்பியது? இங்கே ஒரு சொல்லைச் சொல்லிவிடுகிறேன். ஆவணம் என்றால் பத்திரப்படுத்த வேண்டும் என்ற எண்ணத்தோடு உருவாக்கியது. ஆனால் பயணச்சீட்டு, ரசீது, சுவரொட்டி, துண்டறிக்கை, நிகழ்ச்சிநிரல், விண்ணப்பப் படிவம் போன்றவை அன்றைய வேலை முடிந்ததும் தூக்கிப்போட வேண்டியவை. இவற்றை நான் சில்லறைத் தாள்கள் என்று சொல்வேன். அயர்லாந்தில் கருவூலம் எரிந்தபிறகு இந்தச் சில்லறைத் தாள்களுக்கு வந்த மதிப்பு கொஞ்சநஞ்சமல்ல.

1908இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் முதியோர் ஓய்வூதியச் சட்டம் இயற்றியது. 70 வயது நிறைந்த ஏழைக்கு வாரம் அதிகபட்சம் 5 ஷில்லிங். 1909 ஜனவரி 1 முதல் பணம் கொடுக்கத் தொடங்கினார்கள். அயர்லாந்துக்குள்ளும் அந்தச் சட்டம் வந்தது, உடனே ஒரு சிக்கலும் வந்தது. அங்கே எல்லாப் பிறப்புகளையும் பதிவு செய்வது 1864இல்தான் தொடங்கியது. 1909இல் 70 வயது என்றால் 1839இல் பிறந்திருக்க வேண்டும். சான்றிதழுக்கு எங்கே போவது? 1839 ஜனவரி 6 இரவில் அயர்லாந்தை ஒரு பெருஞ்சூறாவளி தாக்கியிருந்தது. அந்தப் பெருங்காற்று இரவு நினைவிருக்கிறதா என்று ஓய்வூதிய அலுவலர்கள் முதியவர்களைக் கேட்டார்களாம். நாடே சொல்லிச் சிரித்த கதை இது. புயலையும் பஞ்சத்தையும் வைத்து வயது சொன்ன பாட்டிமார்கள் நம் ஊரிலும் இருந்தார்கள், ஆகவே இது நமக்குப் புரியும்.

அதைவிட உறுதியான வழி ஒன்று இருந்தது. 1841 அல்லது 1851ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் விண்ணப்பதாரர் குழந்தையாகப் பதிவாகியிருந்தால் வயது தெரிந்துவிடும். எனவே தேடல் படிவம் என்று ஒன்று வந்தது. ஒரு மூதாட்டியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். படிவத்தில் தன் பெயர், தந்தை பெயர், தாயின் பிறந்தவீட்டுப் பெயர், அந்த ஆண்டில் குடும்பம் இருந்த சிற்றூர், பங்கு, மாவட்டம் எல்லாவற்றையும் எழுதிக் கொடுக்கிறார். டப்ளின் காப்பகத்தில் ஒரு எழுத்தர் கருவூலத்துக்குள் போய், அந்த ஊரின் கட்டைப் பிரித்து, குடும்பத்தைத் தேடி, கண்டதைப் படிவத்தின் மேல் குறித்து அனுப்புகிறார். சில படிவங்களில் அந்தப் பெண்ணின் வயது மட்டும் இருக்கும். சிலவற்றில் தாய், தந்தை, அண்ணன், தம்பி என்று வீடு முழுவதையும் நகலெடுத்திருப்பார்கள். கிடைக்கவில்லை என்ற ஒற்றைக் குறிப்போடு திரும்பியவையும் ஏராளம். அவர்களுக்கு 5 ஷில்லிங் கிடைப்பது கடினமாயிற்று.

பதின்மூன்று ஆண்டுகளில் கருவூலம் எரிந்தது. ஓய்வூதியத்துக்காகத் தேடிய அந்தப் படிவங்கள் எஞ்சின. 1841இல் ஒரு குடிசையில் யார் யார் இருந்தார்கள் என்பது இன்று தெரிகிறது என்றால், அந்த வீட்டுக் குழந்தை ஒன்று பஞ்சத்தைத் தாண்டி உயிர்வாழ்ந்து, 70 வயதில் ஏழையாக இருந்து, விண்ணப்பமும் எழுதியதால்தான். பஞ்சத்தில் குடும்பத்தோடு இறந்தவர்களுக்காக யாரும் படிவம் போடவில்லை, கப்பலேறிப் போனவர்களுக்கும் அப்படியே. தப்பிய ஆவணத்தைப் பார்க்கும்போது, தப்பியதற்கான காரணம் யாரையெல்லாம் வெளியே விட்டது என்று கேட்க வேண்டும். இதை நாம் மேல்நிலை வகுப்புக்கு என்று ஒதுக்கி வைக்கிறோம். ஆறாம் வகுப்பிலேயே கேட்கலாம் என்பது என் கருத்து.

கருவூலம் எரிவதற்கு முந்தைய கணக்கெடுப்புகளில் இன்று முழுமையாகக் கிடைப்பவை 1901, 1911 இரண்டுதான். அயர்லாந்தின் தேசிய ஆவணக் காப்பகம் அந்த வீட்டுப் படிவங்களின் படங்களை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. அச்சிட்ட தொகுப்பல்ல, குடும்பத் தலைவரின் கையொப்பம் உள்ள அதே தாள். எழுதத் தெரியாதவர் பெருக்கல் குறி போட்டிருப்பார், பக்கத்தில் சாட்சி இருக்கும். படிவங்களைக் கொடுத்துத் திரும்ப வாங்கியவர்கள் காவலர்கள் என்பதையும் நினைவில் வையுங்கள்.

1911 ஏப்ரல் 2 இரவுக்கான படிவத்தின் கட்டங்கள் இவை: பெயர், தலைவருக்கு உறவு, மதம், எழுத்தறிவு, வயது, தொழில், திருமண நிலை, பிறந்த இடம், ஐரிஷ் மொழி தெரியுமா, உடற்குறை உண்டா. மணமான பெண்களுக்கு மட்டும் மூன்று கட்டங்கள் கூடுதல்: மணமாகி எத்தனை ஆண்டு, உயிரோடு பிறந்த குழந்தைகள் எத்தனை, இன்று இருப்பவர்கள் எத்தனை. ஒன்பது என்றும் ஐந்து என்றும் இரண்டு எண்களை அடுத்தடுத்து பார்த்த மாணவனுக்குக் குழந்தை இறப்பு விகிதம் என்ற பாடத்தை நாம் நடத்தவே வேண்டாம்; அவனே கேள்வி கேட்பான்.

அதே குடும்பத்தின் 1901, 1911 படிவங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரு வேடிக்கை வெளிப்படும். பத்து ஆண்டு இடைவெளியில் 13, 15, 18 வயது கூடிய முதியவர்கள் பலர்! மாணவர்கள் உடனே பொய் என்பார்கள். ஓய்வூதியம் இடையில் வந்தது என்று சொன்னால் சிரிப்பார்கள். அங்கே நிறுத்திவிடக் கூடாது. 1901இல் சொன்னது சரி, 1911இல் சொன்னது தவறு என்று எப்படித் தெரியும்? வயதே சரியாகத் தெரியாதவர், முதன்முறை ஐம்பது, அறுபது என்று உருண்டையான எண்ணைச் சொல்லியிருக்கலாம். தேடல் படிவம் வந்தபிறகு உண்மை வயதைத் தெரிந்துகொண்டிருக்கலாம். பள்ளியில் சேர்க்கும்போது ஆசிரியர் போட்டுக்கொடுத்த பிறந்த தேதியோடு ஓய்வு பெற்றவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். நாம் அவசரப்பட்டு யாரையும் பொய்யர் ஆக்க முடியாது.

ஐரிஷ் மொழிக் கட்டத்தில் ஒரு நுட்பம் உண்டு. ஐரிஷ் மட்டும், அல்லது ஐரிஷும் ஆங்கிலமும் தெரிந்தால்தான் எழுத வேண்டும். ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர் காலியாக விட வேண்டும். தாத்தா, பாட்டி வரிசையில் இரண்டு மொழி, பிள்ளைகள் வரிசையில் வெற்றுக்கட்டம் என்று வரும் படிவங்கள் உண்டு. ஒரு மொழி ஒரு வீட்டுக்குள் எப்படி நின்றுபோகிறது என்பதை இதைவிடச் சுருக்கமாக எந்த நூலும் காட்டியதில்லை. இன்னொன்று: மனநல விடுதிகளிலும் சிறைகளிலும் இருந்தவர்களுக்குப் பெயர் கிடையாது, தலைப்பெழுத்து மட்டும்தான். படிவத்தில் இருந்தும் இல்லாதவர்கள் அவர்கள்.

இனி ஒரு சுவரொட்டி. 1916 ஈஸ்டர் திங்கள், ஏப்ரல் 24. டப்ளின் தலைமை அஞ்சலகத்தின் முன் பேட்ரிக் பியர்ஸ் ஐரிஷ் குடியரசின் பிரகடனத்தைப் படித்தார். பியர்ஸ் நம் இனம். 1908இல் புனித எண்டா பள்ளி என்ற ஐரிஷ்வழிப் பள்ளியைத் தொடங்கிய ஆசிரியர். கீழே பெயர் போட்ட ஏழு பேரில் இன்னொருவரான தாமஸ் மெக்டொனாவும் அதே பள்ளியில் பாடம் நடத்தியவர். ஏழு பேரையும் மே மாதத்துக்குள் சுட்டுக் கொன்றார்கள்.

நான் பார்க்கச் சொல்வது அந்தத் தாளின் எழுத்துகளை. முந்தின நாள் ஞாயிறு, லிபர்ட்டி ஹால் என்ற தொழிற்சங்கக் கட்டடத்தில், ஒரு கிழட்டு அச்சு இயந்திரத்தில் ரகசியமாக அச்சிட்டார்கள். அச்சுக்கோத்தவர்கள் மைக்கேல் மல்லாய், லியம் ஓ'பிரையன். இயந்திரத்தை ஓட்டியவர் கிறிஸ்டோபர் பிரேடி. கைவசம் இருந்த அச்செழுத்து போதவில்லை. இன்னோர் அச்சகத்திலிருந்து இரவல் வாங்கியும் பற்றவில்லை. ஆகவே தாளின் மேல்பாதியை மட்டும் கோத்து அச்சிட்டு, எழுத்துகளைப் பிரித்து, கீழ்பாதியைக் கோத்து, அதே தாளை மீண்டும் இயந்திரத்தில் ஏற்றினார்கள். ஆங்கில ‘ஈ’ எழுத்து தீர்ந்துபோய் வேறு அச்சுருவில் உள்ள ‘ஈ’க்களைக் கலந்தார்கள். ஓரிடத்தில் ‘எஃப்’ எழுத்தின் காலில் அரக்கை உருக்கி ஒட்டி ‘ஈ’யாக மாற்றியதாகப் பிரேடி சொல்லியிருக்கிறார். ஏறத்தாழ ஆயிரம் படிகள் அடித்ததாகக் கருதுகிறார்கள். இன்று சில பத்துகள்தான் இருக்கின்றன. பசை தடவிச் சுவரில் ஒட்டிய காகிதம் வேறு எப்படி இருக்கும்? இன்று ஏலத்தில் ஒரு படி லட்சக்கணக்கான யூரோவுக்குப் போகிறது.

கிளர்ச்சி அடங்கியபின் லிபர்ட்டி ஹாலுக்குள் வந்த பிரிட்டிஷ் சிப்பாய்கள், இயந்திரத்தில் கோத்தபடியே கிடந்த கீழ்பாதியை அச்சிட்டு நினைவுப் பொருளாக எடுத்துப் போனார்கள். ஆகவே பாதிப் பிரகடனத்தாள்களும் உலகில் உண்டு. அச்சிட்டது எதிரி, தாள் அசல் எழுத்தில். இது மூல ஆவணமா, நகலா? ஒன்பதாம் வகுப்பில் போட்டுப் பாருங்கள், மணி அடித்தாலும் வாதம் முடியாது. கையொப்பங்கள் இருந்த கையெழுத்துத் தாளைத் தாம் கைதானபிறகு மென்று துப்பிவிட்டதாக மல்லாய் வாக்குமூலம் தந்திருக்கிறார். சிக்கினால் தூக்குக்கயிறு என்றால் அதைத்தான் செய்ய வேண்டும்.

இந்த அச்சுக்காரர்களின் சொற்கள் நமக்குக் கிடைத்ததும் ஒரு காப்பகத்தின் புண்ணியம். 1947இல் அயர்லாந்து அரசு ராணுவ வரலாற்று அலுவலகம் ஒன்றை அமைத்து, விடுதலைப் போரில் இருந்தவர்களிடம் 1957 வரை வாக்குமூலம் வாங்கியது. மொத்தம் 1,773. வாங்கியதைப் பெட்டிகளில் பூட்டி வைத்துவிட்டார்கள். சாட்சிகளில் கடைசி ஆள் இறந்தபின், 2003இல்தான் திறந்தார்கள். உயிரோடு இருக்கும்வரை வெளியே வராது என்ற உறுதி இருந்ததால் மனம்விட்டுப் பேசினார்கள். ஆனால் முப்பது ஆண்டுக்கு மேற்பட்ட நினைவிலிருந்து பேசினார்கள். இரண்டையும் சேர்த்தே எடைபோட வேண்டும்.

பிரகடனம் ஐரிஷ் ஆண்களையும் பெண்களையும் தனித்தனியே விளித்துத்தான் தொடங்குகிறது. 1916க்கு அது புதிது. அதன் பின்னால் டப்ளினில் 1908இல் தொடங்கிய பெண்கள் வாக்குரிமைச் சங்கத்தின் உழைப்பு இருக்கிறது. அதன் நிறுவனர்களில் ஒருவரான மார்கரெட் கசின்ஸ்தான் பின்னாளில் சென்னை அடையாறுக்கு வந்து 1917இல் இந்திய மாதர் சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். ஆனால் கிளர்ச்சியின் புகழ்பெற்ற ஒளிப்படத்தைப் பாருங்கள். பியர்ஸ் சரணடைகிறார், எதிரே பிரிட்டிஷ் தளபதி. பியர்ஸின் அருகில் இரண்டு கூடுதல் பாதங்களும் பாவாடை விளிம்பும் மட்டும் தெரியும். வெள்ளைக்கொடியோடு துப்பாக்கிகளுக்கு நடுவே நடந்து சரணடைவுச் செய்தியைக் கொண்டுபோன செவிலி எலிசபெத் ஓஃபாரலின் பாதங்கள் அவை. பின்னால் அச்சான சில பிரதிகளில் அந்தப் பாதங்களையும் அழித்துவிட்டார்கள். படத்தைக் கொடுத்து, இங்கே எத்தனை பேர் என்று எண்ணச் சொன்னால் போதும்.

கடைசியாக நம் தொழிலுக்கு மிக நெருங்கிய ஒன்று. கருவூலம் எரிந்து பதினைந்து ஆண்டு கழித்து, 1937இல், ஐரிஷ் நாட்டார் வழக்காற்று ஆணையம், கல்வித்துறை, ஆசிரியர் சங்கம் மூன்றும் சேர்ந்து ஒரு வேலையைத் தொடங்கின. தொடக்கப்பள்ளிகளில் 11 முதல் 14 வயது வரையுள்ள மாணவர்கள் கட்டுரைப் பாடவேளையில் வழக்கமான கட்டுரை எழுத வேண்டாம். வீட்டுக்குப் போய், பெற்றோரிடமும் தாத்தா, பாட்டியிடமும், பக்கத்து வீட்டு முதியவரிடமும் கேட்டு எழுதி வாருங்கள். ஆசிரியர்களுக்கு ஒரு வழிகாட்டிக் கையேடு கொடுத்தார்கள்: பழைய பள்ளிக்கூடங்கள், நாட்டு மருந்து, புதையல் கதை, கடும் மழையும் காற்றும், அந்தக் காலத்துச் சாப்பாடு, பஞ்ச காலம் என்று தலைப்புகள். 1939 வரை நடந்தது. 5,000க்கும் மேற்பட்ட பள்ளிகள், ஏறத்தாழ 7,40,000 பக்கங்கள். 1937இல் எண்பது வயதுப் பாட்டி ஒருவர், பஞ்சத்தைக் கண்ணால் கண்ட தம் தாயிடம் கேட்டதைப் பேரனிடம் சொன்னார். எரிந்துபோன 1851ஆம் ஆண்டுப் படிவத்துக்கு அது ஈடாகாது. ஆனால் எந்த வயலோரத்தில் யாரைப் புதைத்தார்கள், எந்த வீட்டில் கஞ்சி ஊற்றினார்கள் என்பதைப் படிவம் கேட்டிருக்கவும் மாட்டாது.

மாணவர் தம் நோட்டில் எழுதியதில் சிறந்ததைத் தேர்ந்து, பள்ளிக்குத் தந்த பெரிய ஏட்டில் அழகான கையெழுத்தில் பெயர்த்தார்கள். ஏடு டப்ளினுக்குப் போனது. நல்லவேளையாக ஆணையம் சிறுவர்களின் நோட்டுகளையும் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டது. இரண்டும் இருப்பதால் இன்று ஒப்பிட முடிகிறது: எதை ஆசிரியர் திருத்தினார், எந்த வட்டாரச் சொல்லை மாற்றினார், எந்தக் கதையை விட்டார்? பிள்ளை எழுதியதைத் திருத்துவது நம் கைப்பழக்கம். இந்த வேலையில் சிவப்பு மையை மேசைக்குள் வைத்துவிடுவது நல்லது.

எரிந்த கருவூலத்தையும் அவர்கள் விட்டுவிடவில்லை. எரிவதற்கு மூன்று ஆண்டு முன்பு, 1919இல், காப்பகத்தின் அலுவலர் ஹெர்பர்ட் வுட் எந்தெந்த ஆவணங்கள் உள்ளே இருக்கின்றன என்று ஒரு வழிகாட்டி நூல் வெளியிட்டிருந்தார். அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, டப்ளின் டிரினிட்டி கல்லூரியும் பல நாட்டுக் காப்பகங்களும் நகல்களைத் தேடின. லண்டனுக்கு அனுப்பிய படி, வழக்கறிஞர் எடுத்த குறிப்பு, ஆய்வாளர் நகலெடுத்த பக்கம் என்று சேர்த்து, நூறாண்டு நிறைவான 2022 ஜூனில் இணையவழிக் கருவூலமாகத் திறந்தார்கள். இடிபாட்டிலிருந்து பொறுக்கிக் காகிதத்தில் சுற்றி வைத்த கருகிய கட்டுகளையும் ஒவ்வொன்றாகப் பிரித்து வருகிறார்கள். எரிந்ததில் ஒரு பகுதிதான் இப்படித் திரும்பும்.

வகுப்பில் இதைச் செய்ய இரண்டு பாடவேளை போதும். 1911ஆம் ஆண்டுப் படிவம் ஒன்றைத் தரவிறக்கி அச்செடுங்கள். ஆங்கிலக் கையெழுத்து பிள்ளைகளைத் தடுக்கும்; கட்டத் தலைப்புகளைத் தமிழில் கரும்பலகையில் எழுதி, ஒரு குடும்பத்தின் விவரத்தை நீங்களே நிரப்பிக்கொள்ளுங்கள். முதல் பாடவேளையில் வீட்டில் எத்தனை பேர், யார் சம்பாதிக்கிறார், யாருக்கு எழுதத் தெரியும் என்று படிக்க மட்டும் செய்யுங்கள், விளக்கம் சொல்லாதீர்கள். இரண்டாவதில் அதே வீட்டின் 1901ஆம் ஆண்டுப் படிவத்தைக் கொடுங்கள். யார் வந்தார், யார் காணாமல் போனார், யாருக்கு வயது அதிகமாகக் கூடியது என்று அவர்களே சொல்லட்டும். இறந்தாரா, மணமாகிப் போனாரா, அமெரிக்காவுக்குப் போனாரா என்று படிவம் சொல்லாது. அந்த இடத்தில் மாணவர்கள் நம் முகத்தைப் பார்ப்பார்கள். தெரியவில்லை என்று அவர்கள் நோட்டிலேயே எழுதச் சொல்லுங்கள். எந்தத் தாள் கிடைத்தால் தெரியும் என்று அடுத்த வரியில் எழுதட்டும்.